மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மூட்டை புளியங்கொட்டை

சவரி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. முதலில் நான் தனியாகப் படித்தேன், கோபம் வந்தது. பிறகு உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், அவர் சிரித்தார். அவர் சிரித்ததில் என் கோபம் இன்னும் ஏறி, களியைத் தட்டில் வைத்த வேகத்தில் குழம்பு அவர் வேட்டியில் தெறித்தது. இப்போது கோபம் அடங்கிவிட்டது. வேட்டியையும் நானே துவைத்துப் போட்டுவிட்டேன். ஆகவே நிதானமாகத்தான் எழுதுகிறேன், பயப்படாமல் படி.

நீ சித்தேரி மலைக்கு வாத்தியாராகப் போய் ஆறு மாதம் ஆகிறது. முப்பத்தொரு பிள்ளைகளில் ஆறு பேருக்குத்தான் மூளை இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் மண் என்று எழுதியிருக்கிறாய். ஒருவன் தூங்குகிறானாம். ஒருத்தி வாயே திறப்பதில்லையாம். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் மாறி மாறி வருகிறார்களாம். தெரிந்த ஆறு பேரும் சீக்கிரம் முடித்துவிட்டு ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்கிறார்களாம். அரூர்ப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, பங்குச் சாமியாரிடம் சொல்லி என்னை அங்கே மாற்றிவிடச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். நீ கீழே இறங்கினால் உனக்குப் பதிலாக மேலே ஏற ஆள் கிடையாது, அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவு சாத்தப்படும் என்பது உனக்குத் தெரியும். அதையும் ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு அடித்திருக்கிறாய். என்னதான் அடித்தாலும் உன் கையெழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும், அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான்தான்.

சாமியாரிடம் போய்விட்டு வந்தேன். பள்ளிக்கூடங்களுக்கு மேனேஜர் அவர்தானே, அவரிடம்தான் போக வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. சின்ன வயதிலேயே கணக்குப் புத்தகத்தில் விடையைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைப் பார்க்கிறவன் நீ. இந்த ஒரு முறையாவது வரிசையாகப் படி.

கடத்தூர்ப் பக்கத்து நம் பள்ளிக்கூடத்தில் நான் முதன்முதலாகப் பாடம் எடுத்தபோது நீ இடுப்பில் இருந்தாய். கன்னியாஸ்திரிகளிடம் பயிற்சி முடித்துவிட்டு வந்தவள் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பாடம் நடத்தி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுதுங்க" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வார்கள், கூரை அதிரும். நான் பூரித்துப் போவேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், நான் சொல்லிக் கொடுத்தால் ஒரு பிள்ளைக்குக்கூடப் புரியாமல் போவதில்லை என்று பீற்றிக்கொள்வேன். ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓலை மாற்ற அவர் வந்திருந்தார். மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கி வந்து பிள்ளைகளைப் பார்த்து, "நாளைக்குச் சூரியன் மேக்கால மொளைக்கும். புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுதுங்க" என்று ஒரே குரலில் பதில் வந்தது. "உம் புள்ளைங்க கெட்டிக்காரப் புள்ளைங்கதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டார். அன்று முதல் அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. புரிந்ததா என்று கேட்டால் பெரியவர்களுக்கு மரியாதையாகத்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். நீயும் மேலே அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குச் சந்தேகம். அதை விட்டுவிட்டு, "இதைப் பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லு, நான் கேட்கிறேன்" என்று சொல்லிப் பார். அப்போது தெரியும், எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்று.

நம் பள்ளிக்கூடம் ஒரே அறை என்பதும், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாம் அதற்குள்தான் என்பதும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரு பழைய வழக்கம் இருந்ததே, அது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த வாத்தியார் விட்டுப்போன வழக்கம் அது. கேள்விக்குப் பதில் சொன்னவன், சொல்லத் தெரியாதவனைத் தாண்டி மேலே போய் உட்காரலாம். என் மேசைக்குப் பக்கத்தில் முதலிடம், கதவோரம் கடைசி இடம். பிள்ளைகள் நாள் முழுவதும் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் முதலிடமும் கடைசி இடமும் மட்டும் நகரவே நகராது. முதலிடத்தில் நீ. மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு ஐந்தாம் வகுப்புக் கேள்விக்கும் பதில் சொல்வாய். நான் கேள்வியை முடிப்பதற்குள் சொல்வாய். யாரைக் கேட்டாலும் நீ சொல்வாய். கதவோரம் மாதையன். உன்னைவிட இரண்டு வயது பெரியவன், உன்னைவிட ஒரு முழம் உயரம், ஒன்றாம் வகுப்பைவிட்டு அசையாதவன். ஆடு உள்ளே வந்தால் விரட்டுவதும், நாய் வந்தால் கல்லெடுப்பதும் அவன் வேலை. கதவோரத்தைக் குத்தகைக்கு எடுத்தவன்போல் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருப்பான். அவனை யாரும் கேள்வி கேட்பதில்லை, அவனும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

அந்த ஏற்பாடு அப்படியே ஓடியிருக்கும். ஆனால் வருஷாந்திரப் பரிசோதனைக்கு வந்த டெபுடி இன்ஸ்பெக்டர் ஒன்றாம் வகுப்பை எண்ணிப் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். வருகிறார்கள், வருகிறார்கள், மேலே மட்டும் போவதில்லை. "குளத்துல பாசி மாதிரி ஒரே எடத்துல நிக்கிதேம்மா" என்றார். கோபக்காரர் இல்லை அவர். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வருஷமும் இதே நிலை என்றால் அங்கீகாரத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாட்டுவண்டியில் ஏறிப் போய்விட்டார். அங்கீகாரம் போனால் பள்ளிக்கூடம் கிடையாது. அடுத்த பள்ளிக்கூடம் ஓடை தாண்டி எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். பையன்களில் நாலு பேர் போயிருப்பார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்திகூடப் போயிருக்க மாட்டாள்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. உன் அப்பாவைக் கேள், சொல்வார், கேட்காமலும் சொல்வார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றாம் வகுப்பைப் பிடித்து உலுக்கினேன். காலையில் சீக்கிரம் வா, சாயங்காலம் இருந்து போ, சொல்லு, மறுபடி சொல்லு, சத்தமாகச் சொல்லு. ஐப்பசி பிறப்பதற்குள் பாதிப் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். ஆடுகள் என்னைவிடப் பொறுமையானவை, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அப்புறம்தான் அந்த மழை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே, கன்னடம் பேசும் வீட்டுப் பெண், அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து மாதக்கணக்காகியும் ஒரு சொல் பேசியதில்லை. எல்லாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்கிற வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அன்று ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவள் அவள்தான். "மளெ பந்து" என்று கத்திவிட்டாள். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் சாரல் கதவோரத்தை நனைத்துவிட்டது. எல்லாரும் எழுந்து அறையின் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. முதலிடம் கடைசி இடம் எல்லாம் கலந்துபோயிற்று. அந்தப் பெண்ணிடம் மழைக்கு மட்டுமா, குடைக்கு என்ன, மாட்டுக்கு என்ன என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அவள் தினமும் ஒரு கன்னட வார்த்தை கொடுத்து, பதிலுக்குத் தமிழை வாரிக்கொண்டு போனாள். வாய் திறக்காத உன் மலைப் பெண்ணுக்கும் பேசாமல் முடியாத ஒரு வேலையைக் கொடுத்துப் பார். மணி அடிக்கிறவளாக வை, வந்தவர் வராதவர் யார் என்று உனக்குச் சொல்கிறவளாக வை. பாடத்தில் பேசச் சொன்னால்தான் அவளுக்குப் பயம். வேலையில் பேசுவதற்கு யாரும் பயப்படுவதில்லை.

மழையில் ஒடுங்கி உட்கார்ந்தபோது உன் பக்கத்தில் மாதையன் வந்து விழுந்தான். முழங்கை இடிக்கிறது, ஆட்டு வாசம் அடிக்கிறது என்று நீ என்னிடம் முறையிட்டாய். நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வருஷக்கணக்காக வெறுமையாக இருந்த மாதையனின் சிலேட்டில் ஒரு கணக்கு இருந்தது. உன்னைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்று தெரிந்து, காதைத் திருகலாம் என்று பக்கத்தில் வந்தேன். அப்போது நீ அவனிடம், "டேய், சும்மா பாத்து எழுதாதடா. இது ஏன் ஏழு தெரியுமா? நாலு ஆடு உள்ள இருக்குது, மூணு ஆடு ஓடியாருது" என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டிருந்தாய். மாதையன் கதவைப் பார்த்தான், ஆடு வருகிறதா என்று. அப்புறம் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தான். திருக நீட்டிய கையை நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வெயில் வந்தும் பிள்ளைகளைப் பழைய இடத்துக்கு விடவில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தேன். ஒருவருக்குத் தெரிந்தால் போதாது, இரண்டு பேருக்கும் தெரிந்தால்தான் ஜோடி உட்காரலாம், இல்லாவிட்டால் இருவரும் நிற்க வேண்டும் என்றேன். முதலிடத்திலேயே பிறந்து வளர்ந்த நீ அன்று பூராவும் மாதையனோடு நின்றாய். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொண்டாய். "அவனுக்கு வரலைன்னா நான் எதுக்கு நிக்கணும்?" என்று அப்பாவிடம் நியாயம் கேட்டாய். "ஒரு எருதுக்கு நடை வரலைன்னா இன்னொண்ணும்தான் நிக்கிது. ஏர் அப்படித்தான் போவும்" என்றார் அவர். உனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த நாள் புளிய விளாறு ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்து, சட்டாம்பிள்ளைபோல் மாதையனை மிரட்டினாய். அவன் உன்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி, கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து தன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்துகொண்டான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், உன்னிடம் இருக்கும் அந்த ஆறு பேரை நீ பயன்படுத்தத்தான் வேண்டும், ஆனால் கையில் விளாறு கொடுத்து உட்கார வைத்துவிடாதே. ஆளுக்கு ஒரு ஜோடி கொடு. பாக்கி நேரத்தில் அவர்களே புதிதாகக் கணக்குகள் உண்டாக்கிக்கொண்டு வரட்டும். கேள்வி உண்டாக்குவது விடை சொல்வதைவிடக் கஷ்டம், குடுமிச் சண்டைக்கு நேரம் இருக்காது.

மாறி மாறி வரும் அண்ணன் தம்பிக்கும் இதே வழிதான். அவர்களை இரண்டு அரைப் பிள்ளைகளாக நினைக்காமல் ஒரு ஜோடியாக நினை. இன்று வந்தவன் ராத்திரி வீட்டில் மற்றவனுக்குச் சொல்ல வேண்டும், நாளை வருகிறவன் அதை உனக்குச் சொல்ல வேண்டும். தூங்குகிற பையனைப் பற்றி நீ எழுதவே இல்லையே, அவன் ராத்திரி எங்கே இருக்கிறான் என்று. சாமை விளையும் மாதம் இது. பன்றி வராமல் பரண்மேல் காவல் இருப்பானோ என்னவோ. கேட்டுப் பார். அப்படி இருந்தால் முதல் மணி நேரம் தூங்கட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எழுந்ததும் ராத்திரி என்னென்ன சத்தம் கேட்டது என்று சொல்லச் சொல். அதையே அன்றைக்கு எல்லாருக்கும் பாடமாக வை. சின்னவர்கள் பன்றியை மணலில் வரையட்டும், அதற்கு மேலே உள்ளவர்கள் பெயரை எழுதட்டும், பெரியவர்கள் முழுவதையும் கதையாக எழுதட்டும். ஐந்து வகுப்புக்கு ஐந்து பாடம் என்று ஓடினால் உனக்கு மூச்சு வாங்கும். ஒரே பாடத்தை ஐந்து உயரத்தில் வைத்தால், அவரவருக்கு எட்டுவதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

மாதையன் விஷயத்துக்கு வருகிறேன். விளாறு பலிக்காமல் போன பிறகு நீ வேறு வழி தேடினாய். நம் வீட்டுப் புளியங்கொட்டை மூட்டையிலிருந்து டவுசர்ப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாய். மூன்று பேருக்கு ஆளுக்கு ஐந்து என்றால் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து கொட்டை. மாதையன் ஒவ்வொன்றாக வைப்பான். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். நடுவில் ஒரு ஈ பறந்தால் முதலிலிருந்து தொடங்குவான். நீ பல்லைக் கடிப்பாய், தொடையில் அடித்துக்கொள்வாய், முடிவில் விடையை நீயே சொல்லிவிடுவாய். நீ சொன்னதும் அவன் கை நின்றுவிடும். அவ்வளவுதான், அந்தக் கணக்கு அவனுக்கு அன்றோடு போச்சு. இதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லத்தான் வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பிள்ளை யோசிக்கத் தொடங்கும்போது நான் பதிலைச் சொல்லிவிடுவேன், அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவேன். உன் அவசரம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பங்குனியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தீர்கள். அவர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "இதுல யாரு மொத இடம், யாரு கடைசி இடம்?" என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். பிறகு ஒரு பொடியன் எழுந்து, "கடைசிப் பையன் இன்னிக்கு வரலீங்க. அவங்க வூட்ல மாடு கன்னு போட்டிருக்குதுங்க" என்றான். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க மீசையைத் தடவ வேண்டியிருந்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். உயரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், ஒன்றாம் வகுப்பில் இவ்வளவு பெரியவன் யார் என்று. "நீ எழுந்திரு" என்றார் மாதையனைப் பார்த்து. "திருவிழாவுக்கு இருவத்தி நாலு பேரு சாப்பிட வந்தாங்க. ஆளுக்கு மூணு உருண்டை களி. மொத்தம் எத்தனை உருண்டை?"

கொட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கக்கூட மாதையனுக்குத் தோன்றவில்லை. மெதுவாக மறுபடி தரையில் உட்கார்ந்தான். வெறும் தரையில் விரலால் தொட்டுத் தொட்டு வைக்கத் தொடங்கினான். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வரிசை. அதன் கீழே இன்னொரு வரிசை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவன் என்ன செய்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று என் தொண்டைவரை வந்து நிற்கிறது. நான் மாதையனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷமும் நீ சொல்லிவிடுவாய். உன் வாய் திறந்துவிட்டது. பிறகு, சவரி, நீ வலது கையை மடக்கி, விரல் முட்டியை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாய்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இவனுக்கு வராதும்மா. அடுத்த பையனைப் பாக்கலாம்" என்று திரும்பினார். நீ எழுந்தாய். கையை வாயிலிருந்து எடுத்தாய். பதிலைச் சொல்லப் போகிறாய் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நீ சொன்னாய், "இருங்க ஐயா. அவன் வந்துட்டிருக்கான்."

அந்த மனிதர் நின்றுவிட்டார். மாதையனின் விரல் இருபத்து நாலாவது வரிசையின் கடைசிவரை போய் நின்றது. பிறகு அவன் முதலிலிருந்து எண்ணினான். எண்ணி முடித்து எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "எழுவத்தி ரெண்டுங்க" என்றான். ஒரு நிமிஷம் யோசித்து, "கொழம்பு தனிங்க" என்று சேர்த்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் இந்த முறை மீசையைத் தடவவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சாயங்காலம்வரை இருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்வி கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளை வந்து சேரும்வரை உட்கார்ந்திருந்தார். ஒன்றாம் வகுப்பில் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், நாலு பேர் தேறவில்லை. பள்ளிக்கூடம் தப்பியது. உன் விரல் முட்டியில் பல் பதிந்த தழும்பு ஒரு வாரம் இருந்தது, நான்தான் மஞ்சள் வைத்துவிட்டேன். அன்று மஞ்சள் வைக்கும்போது எனக்கு அழுகை வந்தது, காரணம் கேட்டதற்குப் புகை என்று சொன்னேன்.

இது உனக்கு மறந்துபோயிருக்கும். எட்டு வயதில் செய்ததை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் நான் வாத்தியார் வேலையைக் கற்றுக்கொண்டது அன்றுதான். கன்னியாஸ்திரிகள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நல்லதுதான், அதற்குப் பிறகு கற்றது உன்னிடம். இன்றுவரை கேள்வி கேட்டுவிட்டு, என் விரல் முட்டியை நானே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மாதையனும் இப்போது ஒரு மேதையாகிவிடவில்லை. அரூர்ச் சந்தைக்குப் புளி ஏற்றிப் போகிற வண்டிக்காரன், நல்ல மாடு, நல்ல பெண்டாட்டி, முதல் பெண்ணை இந்த ஆனியில் என்னிடம்தான் கொண்டுவந்து சேர்த்தான். அவளும் நிதானமாகத்தான் எண்ணுகிறாள். இந்தக் கடிதத்தை அவன்தான் மலையடிவாரம்வரை கொண்டு வருகிறான். கூடவே ஒரு மூட்டை புளியங்கொட்டையும் வருகிறது. "மலை பூராவும் புளியமரம். அங்க கொட்டையில்லைன்னு இங்கிருந்து அனுப்புறாளாம்" என்று உன் அப்பா கேலி செய்கிறார். செய்யட்டும். இது நம் வீட்டுக் கொட்டை. மாதையன் உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னான். எட்டாம் வாய்ப்பாடு அவனுக்கு இன்னும் வரவில்லையாம். நீ கீழே வரும்போது வந்து உட்காருகிறானாம், அவசரமில்லையாம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. நீ அவருக்கும் எழுதியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை, அதை நீ வந்ததும் பேசிக்கொள்ளலாம். அவருக்கு உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. அலுப்புத்தான். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்பு போனவர்களும் இப்படித்தான் இறங்கி வந்தார்களாம். "பையனைக் கஷ்டப்படுத்த வேணாம்மா. அரூருக்கே மாத்திடறேன். மலைப் பள்ளிக்கூடத்தை மூடிட வேண்டியதுதான். ஆறு மாசம் பாத்தாச்சு. அவனுக்கு அது வராது போல இருக்கு" என்றார்.

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு சித்திரைவரைக்கும் பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். அரூர் இடத்தையும் அதுவரை யாருக்கும் கொடுக்க மாட்டார். சித்திரை வந்ததும் முடிவு உன்னுடையது. இறங்கத்தான் வேண்டும் என்றால் நானும் அப்பாவும் மாதையன் வண்டியோடு அடிவாரத்தில் நிற்போம், ஏன் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் கேட்க மாட்டேன்.

சாமியாரிடம் நான் என்ன சொன்னேன் என்று நீ இத்தனை நேரம் காத்திருந்து படித்திருந்தால், அதுவே எனக்குச் சந்தோஷம். வேறொன்றும் சொல்லவில்லை, கண்ணு. "இருங்க சாமி. அவன் வந்துட்டிருக்கான்" என்றேன்.

உன்
அம்மா